நடத்தைச் சிகிச்சை எப்படிப் பிறந்தது?

நாயைக் கண்டாலே நடுங்கும் ஒருவர் உளவியல் சிகிச்சைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அச்சம் அவருடைய ஆழ்மனத்தில் எந்தப் பழைய போராட்டத்திலிருந்து முளைத்தது என்று மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், பேசித் தேடுவது ஒரு வழி. நாயின் படத்தைப் பார்ப்பதில் தொடங்கி, கட்டிப்போட்டிருக்கும் நாயைத் தொலைவில் நின்று கவனிப்பது, சற்று நெருங்குவது, வளர்ப்பவர் பிடித்திருக்கையில் அதன் முதுகைத் தொடுவது என்று படிப்படியாக அவரைப் பழக்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைத்தான் நடத்தைச் சிகிச்சை என்கிறோம். அச்சம், தயக்கம், தீராத பழக்கம் முதலியவற்றில் பெரும்பங்கு கற்றுக்கொண்டவை. ஆகவே உரிய சூழலை அமைத்துக் கொடுத்தால் அவற்றை மாற்றிக் கற்றுக்கொள்ளவும் முடியும் என்பது அதன் அடிப்படை.

இன்று இது எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடிய கருத்தாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்ட பிறகு, மருத்துவமனைகளில் இடம்பிடிக்க இதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்த வரலாற்றைப் படிக்கும்போது என்னை மிகவும் கவர்வது ஒன்று உண்டு. இச்சிகிச்சை ஏன் பலன் தருகிறது என்பதற்கான விளக்கங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியிருக்கின்றன; ஆனால் எதைச் செய்தால் பலன் கிடைக்கிறது என்பது பெரும்பாலும் மாறாமல் நின்றிருக்கிறது. விளக்கம் பொய்த்தபோதும் செய்முறை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், இத்துறையினர் தொடக்கம் முதலே எதையும் அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கைவிடாததுதான்.

கதையின் தொடக்கம் உளவியலில் இல்லை, உடலியங்கியலில் இருக்கிறது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பை அளந்துகொண்டிருந்தபோது, உணவு வாயை எட்டுவதற்கு முன்பே, உணவு வரப்போவதற்கான அறிகுறிகளைக் கண்டவுடனேயே உமிழ்நீர் சுரப்பதைக் கவனித்தார். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் ஓசையைக் கேட்கச் செய்து உடனே உணவு தருவதைப் பல முறை திரும்பச் செய்தால், பின்னர் ஓசை மட்டுமே உமிழ்நீரை வரவழைத்துவிடும். முன்பு எந்தப் பொருளும் இல்லாதிருந்த ஒரு தூண்டல், இயற்கையான இன்னொரு தூண்டலோடு சேர்ந்து வந்ததால், அதே துலங்கலைப் பெற்றுவிடுகிறது. இதைத்தான் பாடநூல்கள் ஆக்கநிலையுறுத்தம் என்கின்றன. உணவே தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் சுரப்பு குறைந்து நின்றுவிடும். எனினும் சிறிது கால இடைவெளிக்குப் பிறகு அதே ஓசையைக் கேட்டால், நின்றுபோன சுரப்பு ஓரளவு திரும்பி வந்தது. கற்றது அழியவில்லை, அடங்கியிருந்தது என்பதற்கான முதல் தடயம் அது. இந்தச் சிறிய செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலச் சிகிச்சையில் இதற்குப் பெரிய இடம் உண்டு.

பாவ்லோவின் கூடத்தில் நடந்த இன்னொரு சோதனை சிகிச்சையாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வட்டத்தைக் காட்டினால் உணவு, நீள்வட்டத்தைக் காட்டினால் உணவில்லை என்று ஒரு நாய்க்குப் பழக்கினார்கள். பிறகு நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒத்ததாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதன் இரு அச்சுகளின் விகிதம் 9-க்கு 8 என்ற அளவை எட்டியபோது நாயால் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை. அதுவரை அமைதியாக நின்ற விலங்கு ஊளையிட்டுத் திமிறியது, கருவிகளைக் கடித்தது, முன்பு எளிதாகச் செய்ததையும் செய்யத் தவறியது. மனக்கலக்கம் போன்ற ஒரு நிலையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முடியும் என்றால், அதை ஆய்வுக்கூடத்தில் நீக்கவும் முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

ஆல்பர்ட்டும் பீட்டரும்

அமெரிக்காவில் ஜான் பி. வாட்சன் 1913-இல் ஒரு கட்டுரை வழியாக, உளவியல் என்பது வெளியில் தெரியும் நடத்தையை மட்டுமே ஆராயும் இயற்கை அறிவியலாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நடத்தைவாதம் என்ற கொள்கை அங்கிருந்து வேகம் பெற்றது. 1920-இல் அவரும் ரோசலி ரெய்னரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனையை உளவியல் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட, ஏறத்தாழ பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளை எலியை அச்சமின்றித் தொட முயன்றபோதெல்லாம், பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறை இப்படிச் செய்த பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது; முயலையும் நாயையும் உரோம மேலங்கியையும் கண்டும் கலங்கியது. அச்சம் கற்கப்படக்கூடியது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டினார்கள். ஒரே ஒரு குழந்தையை வைத்துச் செய்த இந்தச் சோதனை அறிவியல் முறையில் பலவீனமானது. அதைவிட வருத்தத்திற்குரியது, குழந்தை மருத்துவமனையை விட்டுச் செல்லும்வரை அந்த அச்சத்தை நீக்க எந்த முயற்சியும் செய்யப்படவில்லை என்பது.

செய்யாமல் விட்ட அந்த வேலையை வேறொரு குழந்தையிடம் செய்து காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். வாட்சன் பெயரை அறிந்த அளவுக்கு இவர் பெயரை மாணவர்கள் அறிவதில்லை; இத்துறையின் வரலாற்றில் உள்ள பெரிய அநீதிகளுள் ஒன்றாகவே நான் இதைக் கருதுகிறேன். நியூயார்க்கில் வாட்சனின் ஆலோசனையுடன் பணியாற்றிய ஜோன்ஸ், 1924-இல் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தொடக்கத்தில் அவனுக்கு வயது இரண்டு ஆண்டு பத்து மாதம். வெள்ளை எலி, முயல், உரோம ஆடை, இறகு, பஞ்சு என எல்லாவற்றிற்கும் அவன் அஞ்சினான். முயலைக் கண்டால் அச்சம் மிகக் கூடுதலாக இருந்ததால், அதையே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்.

முதலில், முயலுக்கு அஞ்சாத மூன்று குழந்தைகளோடு பீட்டரை விளையாட விட்டு, அந்த நேரத்தில் முயலையும் அறைக்குள் கொண்டுவந்தார். அறையின் எந்த மூலையில் கூண்டு இருந்தாலும் கலங்கியவன், பன்னிரண்டடி தொலைவில் அது இருப்பதைப் பொறுத்துக்கொண்டான். பிறகு நான்கடி, பிறகு மூன்றடி. ஒவ்வொரு படியையும் ஜோன்ஸ் எழுதி வைத்தார். அந்த வேளையில் பீட்டருக்குச் செங்காய்ச்சல் வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். குணமாகித் திரும்பும் வேளையில் ஒரு பெரிய நாய் அவன்மேலும் உடன் வந்த செவிலியர்மேலும் பாய்ந்தது. அதோடு முன்னேற்றம் எல்லாம் போய்விட்டது. பழைய அச்சம் அப்படியே திரும்பியது.

ஜோன்ஸ் இப்போது வேறு உத்தியைக் கையாண்டார். பீட்டரை உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் சாப்பிடுவதற்கு இடையூறு நேராத அளவுக்கு மட்டும் முயல் கூண்டை அருகே கொண்டுவந்தார். அடுத்த முறை இன்னும் சிறிது அருகே. உணவு தரும் இன்பம் அச்சத்தை விஞ்சி நிற்க வேண்டும். கூண்டை அவசரப்பட்டு நெருக்கினால் அச்சம் உணவோடு ஒட்டிக்கொண்டு, குழந்தை உணவையே வெறுக்கத் தொடங்கிவிடலாம். இந்த முறையை மிகக் கவனமாகக் கையாள வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். முடிவில் பீட்டர் முயலைக் கொஞ்சினான், தன் விரல்களை அது மெல்லக் கவ்வ விட்டான். பஞ்சு, இறகு, உரோம ஆடை ஆகியவற்றின் மீதிருந்த அச்சமும் தனியாகச் சிகிச்சை தராமலேயே தணிந்தது.

அதே ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வில் ஜோன்ஸ் சுமார் எழுபது குழந்தைகளிடம் பல முறைகளை ஒப்பிட்டார். அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொல்வது, அந்தப் பொருளைக் கண்ணில் காட்டாமல் விட்டுவிடுவது, மற்ற குழந்தைகள் கேலி செய்ய விடுவது ஆகியவை நம்பத்தக்க பலன் தரவில்லை. பிடித்த ஒன்றோடு சேர்த்துப் பழக்குவதும், அஞ்சாத குழந்தைகளைப் பார்த்துக் கற்கவிடுவதுமே உறுதியாகப் பலித்தன. குழந்தையின் அச்சத்தைக் கேலியால் போக்கிவிடலாம் என்று இன்றும் பல வீடுகளில் நம்புகிறார்கள். அதற்கு எதிரான சான்று 1924-இலேயே அச்சாகிவிட்டது.

இருந்தும் இந்த ஆய்வுகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஆழ்மனப் போராட்டங்களைப் பேசித் தேடும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு உளநல மருத்துவமனைகளில் மேலோங்கியிருந்த காலம் அது. அறிகுறியை நேரடியாக நீக்கினால் உள்ளிருக்கும் போராட்டம் வேறொரு அறிகுறியாக வெளிப்படும் என்று அப்பள்ளியினர் கருதினார்கள். ஜோன்ஸின் குறிப்பு வேறு திசையைக் காட்டியது: முயலச்சம் தணிந்தபோது வேறு அச்சம் முளைக்கவில்லை, இருந்த மற்ற அச்சங்களும் உடன் தணிந்தன. இடையில் 1938-இல் ஹோபார்ட் மௌரரும் வில்லி மே மௌரரும், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்காக, விரிப்பில் ஈரம் பட்டவுடன் மணியடித்து எழுப்பும் கருவியை அமைத்தார்கள். அது இன்றளவும் புழக்கத்தில் இருக்கிறது.

அச்சம் ஏன் தானாக மறைவதில்லை?

ஹோபார்ட் மௌரர் 1940-களில் முன்வைத்த ஒரு விளக்கத்தை இங்கே சற்று நின்று பார்ப்பது தொடக்கநிலை வாசகருக்கு மிகவும் பயன்படும். பாவ்லோவின் நாய் உணவு வராத ஓசையைத் தொடர்ந்து கேட்டு உமிழ்நீர் சுரப்பதை நிறுத்திவிட்டது என்றால், நாய்க்கு அஞ்சுகிற மனிதருக்கு, கடிக்காத நாய்களைத் தினமும் தெருவில் காண்பதால் அச்சம் தானாகவே மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறைவதில்லை. ஏனெனில் அவர் நாயை நெருங்குவதே இல்லை. நாய் நிற்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறார். போனவுடன் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியே அவருக்குக் கிடைக்கும் பரிசு. பரிசு கிடைத்த செயலை மீண்டும் செய்வது உயிர்களின் இயல்பு என்பதை எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளால் காட்டியிருந்தார். ஆகவே சுற்றுவழி பழக்கமாகிறது, நாய் கடிக்கவில்லை என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நாளுக்கு நாள் பறிபோகிறது. அச்சம் ஒரு வழியில் கற்கப்படுகிறது, தவிர்த்தல் என்ற இன்னொரு வழியில் காக்கப்படுகிறது. இந்த விளக்கத்தில் குறைகள் உண்டு. நாயே கடித்திராத பலருக்கும் நாயச்சம் இருக்கிறது. ஆனால் சிகிச்சையின்போது தவிர்த்தலை நிறுத்த வேண்டும் என்ற முடிவு இன்றும் மாறவில்லை.

ஜோன்ஸ் செய்ததை ஒரு முழுமையான சிகிச்சையாக வளர்த்தவர் தென்னாப்பிரிக்கரான ஜோசப் வோல்பி. இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது, போர்க்களத்தில் மனம் உடைந்த வீரர்களுக்கு மருந்து கொடுத்து, அரைமயக்கத்தில் நடந்ததைப் பேசவைக்கும் முறையை அவர் கையாண்டார். பேசி முடித்த பிறகும் பெரும்பாலானோருக்கு நிலையான குணம் ஏற்படாததைக் கண்டு, தாம் கற்றிருந்த உளப்பகுப்பாய்வின்மீது அவருக்கு ஐயம் எழுந்தது. போருக்குப் பின் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்து ஆய்வு செய்தார். கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள் பசித்திருந்தும் அந்தக் கூண்டுக்குள் உண்ண மறுத்தன. கூண்டிருந்த அறையிலும், அதை ஒத்த அறைகளிலும்கூடத் தயங்கின. வோல்பி, சோதனை அறையோடு சிறிதளவே ஒற்றுமை கொண்ட ஓர் அறையில் உணவு வைத்தார். அங்கே பூனை உண்ணத் தொடங்கியதும், சற்றுக் கூடுதலாக ஒத்த அறைக்கு மாற்றினார். இப்படியே நகர்ந்து இறுதியில் அதே கூண்டுக்குள் அவற்றை உண்ண வைத்தார்.

மனிதர்களிடம் உணவுக்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது? அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கியிருந்த தசைத் தளர்வுப் பயிற்சியை வோல்பி தேர்ந்தார். உடல் ஆழ்ந்து தளர்ந்திருக்கும்போது பதற்றம் அதனோடு ஒருங்கே நிற்க முடியாது, ஒன்று மற்றொன்றை ஒடுக்கிவிடும் என்பது அவருடைய கொள்கை. ஜேக்கப்சனின் பயிற்சி பல மாதங்கள் பிடிக்கும். வோல்பி அதைச் சில அமர்வுகளுக்குள் சுருக்கினார்.

அவருடைய சிகிச்சை எப்படி நடக்கும் என்பதைத் தேர்வுக்கு அஞ்சும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்க்கலாம். அவளைக் கலங்கவைக்கும் காட்சிகளை அவளே பட்டியலிடுவாள்: தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது, ஒரு வாரம் இருக்கிறது, முதல் நாள் இரவு, காலையில் பேருந்தில் போகிறாள், கூடத்தின் வாசலில் நிற்கிறாள், வினாத்தாள் கைக்கு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்றத்தின் அளவைச் சொல்வாள். இந்த எண்கள் மற்றவருடைய எண்களோடு ஒப்பிடுவதற்கானவை அல்ல. அவளுடைய நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவதற்கானவை. பிறகு கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, மிகக் குறைந்த அளவுள்ள காட்சியைச் சில நொடிகள் மனத்தில் காண்பாள். பதற்றம் எழுந்தால் விரலை உயர்த்திச் சொல்வாள். சிகிச்சையாளர் காட்சியை நிறுத்தி மீண்டும் தளர்வுக்குத் திருப்புவார். ஒரு காட்சி கலக்கம் தராத நிலையை எட்டிய பிறகே அடுத்த படிக்குச் செல்வார்கள். இங்கே வேகத்தை முடிவு செய்பவள் அவளே. ஜோன்ஸின் முயல் கூண்டு எப்படிப் பீட்டரின் உணவுக்கு இடையூறு செய்யாத தொலைவில் நின்றதோ, அந்த நுட்பம்தான் இங்கேயும் செயல்படுகிறது. ஜோன்ஸை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று பிற்காலத்தில் வோல்பியே அழைத்தார்.

1958-இல் வெளியிட்ட நூலில், தாம் சிகிச்சையளித்த 210 பேரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் குணமடைந்தனர் அல்லது பெரிதும் தேறினர் என்று அவர் தெரிவித்தார். ஒப்பீட்டுக் குழு இல்லாத, சிகிச்சையாளர் தாமே மதிப்பிட்ட கணக்கு என்பதால் இதை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் அந்தக் காலத்தில் தம் நோயாளிகளின் கணக்கை இவ்வாறு வெளிப்படையாக வைத்தவர்களே அரிது.

லண்டனில் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த ஹான்ஸ் ஐசென்க் 1952-இல் எழுப்பிய கேள்வியும் இதே திசையில் அமைந்தது. நரம்புத்தளர்ச்சி என்று அன்று அழைக்கப்பட்ட மனக்கோளாறு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், உளப்பகுப்பாய்வு பெற்றாலும் பெறாவிட்டாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று அவர் வாதிட்டார். அவர் பயன்படுத்திய புள்ளிவிவரங்கள் பலவீனமானவை, அவை குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. ஆயினும் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடாமல் ஒரு சிகிச்சை பலித்தது என்று சொல்லக்கூடாது என்ற கோரிக்கை நிலைத்துவிட்டது. நடத்தைச் சிகிச்சைக்கென்று தனி ஆய்விதழை அவர் 1963-இல் தொடங்கினார்.

அந்தக் கோரிக்கையைச் செவ்வனே நிறைவேற்றியவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கோர்டன் பால். மேடையில் பேச அஞ்சும் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வோல்பியின் முறை, இன்னொன்றுக்கு மனத்தை ஆராயும் பேச்சுச் சிகிச்சை, மூன்றாவதற்கு அக்கறையான கவனிப்பும் பயனற்ற மாத்திரையும், மற்றொன்றுக்குச் சிகிச்சையே இல்லை என்று அமைத்தார். சிகிச்சை தந்தவர்கள் பேச்சுச் சிகிச்சையில் ஊறியவர்கள்; வோல்பியின் முறை அவர்களுக்குப் புதிது. அப்படியிருந்தும் ஐந்தே அமர்வுகளில் வோல்பியின் முறை மற்றவற்றை விஞ்சியது. 1966-இல் வந்த இந்த ஆய்வு உளவியல் சிகிச்சைகளைச் சோதிக்கும் முறைக்கே முன்மாதிரியாயிற்று. பிறகு 1970-களில், இச்சிகிச்சையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, தசைத் தளர்வு இல்லாமலும் பலன் கிடைப்பது தெரிந்தது. ஒன்று மற்றொன்றை ஒடுக்குகிறது என்ற வோல்பியின் விளக்கம் ஆட்டம் கண்டது. அஞ்சும் பொருளை விலகாமல் எதிர்கொள்வதே மருந்து என்பது மட்டும் எஞ்சியது.

பரிசும் தண்டனையும்

மற்றொரு கிளை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரிடமிருந்து வளர்ந்தது. ஒரு செயலுக்குப் பின் என்ன கிடைக்கிறது என்பதே அச்செயல் தொடருமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய ஆய்வின் சாரம். அவரும் ஆக்டன் லிண்ட்ஸ்லியும் மாசசூசெட்ஸில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையில் செய்த ஆய்வின் 1953-ஆம் ஆண்டு அறிக்கையில் நடத்தைச் சிகிச்சை என்ற பெயர் காணப்படுகிறது. வோல்பியின் மாணவரான அர்னால்ட் லாசரஸ் 1958-இலும், ஐசென்க் 1959-இலும் அதே பெயரைக் கையாண்டு பரப்பினார்கள்.

1959-இல் டியோடோரோ அய்லான், ஜாக் மைக்கேல் ஆகியோர் கனடாவின் சஸ்காட்செவன் மருத்துவமனையில் செய்த பணி இக்கிளையின் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. ஒரு பெண் நோயாளி நாளொன்றுக்குச் சராசரியாக 16 முறை செவிலியர் அறைக்குள் நுழைந்து வேலைக்கு இடையூறு செய்துவந்தார். ஒவ்வொரு முறையும் அவரைக் கண்டிப்பதோ கைபிடித்து வெளியே அழைத்துச் செல்வதோ அவருக்குக் கவனிப்பாக அமைகிறது என்று ஆய்வாளர்கள் கணித்து, அவர் நுழையும்போது கண்டுகொள்ளாதிருக்கும்படி செவிலியர்களிடம் கூறினார்கள். ஏழெட்டு வாரங்களில் வருகை நாளுக்கு 2 முறையாகக் குறைந்தது. கணிப்பு சரியே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்கப்பட்டதா என்பதைப் படிக்கும்போது எண்ணாமல் இருக்க முடியவில்லை. தணிந்தது செவிலியர்களுக்கு இருந்த தொல்லை. 1960-களில் அய்லானும் நாதன் அஸ்ரினும் இல்லினாய் மாநிலத்தில் உருவாக்கிய டோக்கன் முறையில், பல் துலக்குதல், பணி செய்தல் முதலியவற்றுக்காக நோயாளிகள் டோக்கன் பெற்று வசதிகளை வாங்கிக்கொண்டார்கள். பல ஆண்டுகளாகப் படுத்தே கிடந்தவர்கள் எழுந்து இயங்கினார்கள் என்பது உண்மை. ஒருவருடைய உணவையும் படுக்கையையும் அவர் சம்பாதிக்க வேண்டிய பரிசாக வைக்கலாமா என்ற கேள்வியும் உண்மை. அலபாமா வழக்கு ஒன்றில் 1972-இல் அமெரிக்க நீதிமன்றம், இத்தகைய அடிப்படைத் தேவைகள் நோயாளிகளின் உரிமை என்று வரையறுத்தது.

மிகப் பெரிய களங்கம் வெறுப்பூட்டும் சிகிச்சை. வாந்தி மருந்தையும் மின்னதிர்ச்சியையும் கொண்டு, மதுவின்மீது மட்டுமன்றி, தன்பாலீர்ப்பின்மீதும் வெறுப்பை உருவாக்க 1950, 60-களில் பலர் முயன்றார்கள். நோயல்லாத ஒன்றை நோயென்று வைத்து, மனிதர்களுக்கு வலியைக் கொடுத்து, அதற்குச் சிகிச்சை என்று பெயரிட்டார்கள். அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பழைய சிந்தனை முற்றாக ஒழிய எவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் வழங்கிய ஆணையில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. எதை மாற்றுவது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற விதி இன்று நடத்தைச் சிகிச்சையின் முதற்படியாக இருப்பதற்கு, இந்தக் கொடுமைகளே காரணம்.

கைகழுவுவதை நிறுத்தினால்

இத்துறையின் மிகச் சிறந்த சாதனையாக நான் கருதுவது, ஓசிடி எனப்படும் எண்ண-செயல் கட்டாயக் கோளாறுக்கான சிகிச்சையை. அழுக்குப் பட்டுவிட்டது என்ற எண்ணம் விடாமல் துரத்த, மணிக்கணக்கில் கைகழுவிக்கொண்டிருப்பவர்களை 1960-கள் வரை ஏறத்தாழக் குணப்படுத்த முடியாதவர்கள் என்றே மருத்துவம் நினைத்தது. வோல்பியின் தளர்வு முறையும் அவர்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை. லண்டனின் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் 1966-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் ஒருவரை, அழுக்கென்று அஞ்சிய பொருள்களைத் தொடவைத்து, அதன்பின் கழுவும் சடங்கைச் செய்யவிடாமல், பணியாளர்கள் உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள். பதற்றம் முதலில் ஏறியது. கழுவாமலேயே பிறகு இறங்கியது. இரண்டு பேரும் பெரிதும் தேறினார்கள். அஞ்சும் பேரிழப்பு நேரவில்லை என்று கண்டறிவதால் அவர்களுடைய எதிர்பார்ப்பு மாறுகிறது என்று மேயர் விளக்கினார். நடத்தைச் சிகிச்சைக்குள் எண்ணம், எதிர்பார்ப்பு என்ற சொற்கள் நுழைவதை இங்கே காணலாம். இன்று நோயாளியின் ஒப்புதலோடு, அவரே வகுக்கும் படிகளில் செய்யப்படும் இந்த முறை, ஓசிடிக்கு முதன்மையான உளவியல் சிகிச்சையாக உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

எண்ணத்தின் பக்கம் திரும்பியது மேயர் மட்டும் அல்லர். பாம்புக்கு அஞ்சுபவர்கள், பாம்பைக் கையாளும் ஒருவரைப் பார்த்தும் அவரோடு சேர்ந்து செய்தும் விரைவாகத் தேறுவதை ஆல்பர்ட் பண்டூரா காட்டினார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை வளர்வதே அதற்குக் காரணம் என்று 1977-இல் எழுதினார். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஆரோன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் தாமாக எழும் கசப்பான எண்ணங்களைக் கண்டறிந்து, அவற்றைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிகிச்சையைப் பென்சில்வேனியாவில் வளர்த்தார். இரண்டு நீரோட்டங்களும் கலந்ததில் உருவானதே இன்று சிபிடி என்று பரவலாக அறியப்படும் எண்ண-நடத்தைச் சிகிச்சை. பின்னர் மார்ஷா லினஹன், ஸ்டீவன் ஹேஸ் போன்றவர்கள், வேதனையான எண்ணங்களை எதிர்த்து வாதிடாமல் ஏற்றுக்கொண்டு செயலில் இறங்கும் முறைகளை இதனோடு சேர்த்தார்கள்.

இதற்கிடையே, எதிர்கொள்ளல் ஏன் பலிக்கிறது என்ற கேள்விக்கான விடை பாவ்லோவின் பழைய குறிப்புக்கே திரும்பியது. அச்சம் அழிக்கப்படுவதில்லை, அதன் அருகில், ஆபத்தில்லை என்ற புதிய பாடம் கற்கப்படுகிறது, இரண்டும் போட்டியிடுகின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பீட்டருக்கு ஏன் அச்சம் ஒரே நாளில் திரும்பியது என்பது இதனால் விளங்குகிறது. ஆகவே இப்போது நாயச்சத்துக்குச் சிகிச்சை தருபவர்கள், ஒரே நாயிடம் ஒரே அறையில் பழக்கி நிறுத்துவதில்லை. வெவ்வேறு நாய்கள், வெவ்வேறு தெருக்கள், வெவ்வேறு நேரங்கள் என்று பயிற்சியைப் பரப்புகிறார்கள்.

மனச்சோர்வுச் சிகிச்சையிலும் இத்தகைய திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. நீல் ஜேக்கப்சன் 1996-இல் பெக்கின் சிகிச்சையைப் பகுதிகளாகப் பிரித்துச் சோதித்தபோது, எண்ணங்களைத் தொடாமல், கைவிட்டுப்போன பயனுள்ள செயல்களை நாள்தோறும் மீண்டும் செய்யவைக்கும் பகுதி மட்டுமே, முழுச் சிகிச்சைக்கு இணையாகப் பலன் தந்தது. படுத்துக் கிடப்பதும் ஆட்களைத் தவிர்ப்பதும் தற்காலிக நிம்மதி தந்து சோர்வை நீட்டிக்கின்றன என்பது, நாய்க்கு அஞ்சிச் சுற்றுவழியில் போவதற்கான அதே விளக்கம்தான். கற்றுக்கொடுக்க எளிதான முறை என்பதால், உளநல மருத்துவர்கள் குறைவாக உள்ள நாடுகள் இதில் ஆர்வம் காட்டின. கோவாவில் சங்காத் என்ற நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. உளவியல் பட்டம் பெறாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும், மனச்சோர்வு கடுமையாக உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இச்சிகிச்சையைக் கொடுக்கச் செய்தார்கள். விக்ரம் படேல் தலைமையிலான குழு வெளியிட்ட முடிவுகளின்படி, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் மூன்று மாதத்தில் சோர்வு குறைந்திருந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நீடித்தது. யார் மூன்றாம் மாதத்தில் கூடுதலாகச் செயலில் இறங்கியிருந்தார்களோ அவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்ததா என்பதையும் அக்குழு தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தது. ஆம், தேறியதில் ஒரு பகுதிக்கு அந்தச் செயல்பாடே காரணம் என்று கணக்கு காட்டியது.